பெரிய வீட்டுக் கொலைகளும் ஒரு சலவைக் கணக்கும்

1860 ஜூன் 29 இரவு, இங்கிலாந்தின் வில்ட்ஷயர் பகுதியில் ரோடு என்ற ஊரின் ஓரத்திலிருந்த ரோடு ஹில் ஹவுஸில் 12 பேர் படுக்கப் போனார்கள். தொழிற்சாலை ஆய்வாளர் சாமுவேல் கென்ட், அவருடைய இரண்டாம் மனைவி, இரண்டு தாரத்துப் பிள்ளைகள், மூன்று வேலைக்காரப் பெண்கள். விடிந்தபோது நான்கு வயது நிறையாத சாவில் என்ற பையனைக் கட்டிலில் காணோம். தேடிப் பார்த்ததில், தோட்டத்துப் புதர்களுக்குள் வேலைக்காரர்கள் புழங்கும் கழிப்பிடத்தின் குழியில் கழுத்தறுபட்டுக் கிடந்தான். வரவேற்பறை ஜன்னல் திறந்திருந்தது. ஆனால் வெளியாள் உள்ளே வந்ததற்கு ஒரு தடயமும் இல்லை.

உள்ளூர் போலீஸ் இரண்டு வாரம் குழப்பியடித்த பிறகு ஸ்காட்லாந்து யார்டிலிருந்து ஜொனாதன் விச்சர் வந்தார். தோட்டக்காரர் ஒருவரின் மகன். லண்டனில் துப்பறியும் பிரிவு தொடங்கிய நாளிலிருந்து அதில் இருந்தவர். அவர் கேட்டு வாங்கிப் பார்த்தது வீட்டின் சலவைக் கணக்கை. மூத்த தாரத்து மகள், 16 வயது கான்ஸ்டன்ஸுக்கு மூன்று இரவு அங்கிகள். இப்போது கையில் இருந்தவை இரண்டு. மூன்றாவது சலவைக்குப் போன இடத்தில் தொலைந்துவிட்டது என்றார்கள். திங்கட்கிழமை அழுக்குத் துணிகளை எண்ணிக் கூடையில் அடுக்கிய பணிப்பெண் சாரா காக்ஸ், அந்த மூன்றாவது அங்கியைத் தன் கையாலேயே வைத்ததாகச் சொன்னாள். வாங்கிப் போன சலவைக்காரியோ, கூடையைத் திறந்தபோதே அது இல்லை என்றாள். இடையில் நடந்தது ஒன்றே ஒன்றுதான். கான்ஸ்டன்ஸ் அங்கே வந்து, தன் பாவாடைப் பையில் பர்ஸ் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறாள். பிறகு குடிக்கத் தண்ணீர் கேட்டு காக்ஸைக் கீழே அனுப்பியிருக்கிறாள். காக்ஸ் போய்வந்த ஒரு நிமிடத்தில், ஏற்கெனவே எண்ணி வைக்கப்பட்ட கறையில்லாத அங்கியை அவள் கூடையிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டாள். கறைபட்டது அதற்கு முன்பே அழிக்கப்பட்டுவிட்டது. கணக்கு உதைத்தால் பழி சலவைக்காரி தலையில் விழும். இதுதான் விச்சர் போட்ட கணக்கு.

கைது செய்தார். ஒரே வாரத்தில் அந்தப் பெண் வெளியே வந்துவிட்டாள். கண்ணியமான குடும்பத்துப் பெண்ணின் உள்ளாடைகளைப் பற்றி ஒரு தோட்டக்காரர் மகன் கேள்வி கேட்பதா என்று பத்திரிகைகள் பொங்கின. விச்சரின் பெயர் கெட்டது. 1865-இல் கான்ஸ்டன்ஸ் தானாகவே வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டாள். மரண தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டு, 20 ஆண்டு சிறையிலிருந்து, பிறகு ஆஸ்திரேலியா போய் வேறு பெயரில் நர்ஸாக வேலை பார்த்து, 1944-இல் தன் நூறாவது வயதில் இறந்தாள். இந்த வழக்கை கேட் சம்மர்ஸ்கேல் 2008-இல் விரிவான புத்தகமாக எழுதியிருக்கிறார். மர்மக்கதைப் பிரியர்கள் தேடிப் படிக்க வேண்டியது.

ஒதுக்குப்புறமான பெரிய வீடு, உள்ளே அடைபட்ட ஒரு கூட்டம், அவர்களில் ஒருவர் கொலையாளி, வெளியிலிருந்து வரும் துப்பறிவாளர். இந்தச் சட்டகத்தில் ஒன்றரை நூற்றாண்டாகக் கதைகள் எழுதப்படுகின்றன. ஏன் வீடு, ஏன் அதுவும் கிராமத்து மாளிகை என்ற கேள்விக்கு விமர்சகர்கள் சொல்லும் வழக்கமான பதில் இரண்டு. அடைபட்ட இடமென்றால் சந்தேகப் பட்டியல் சிறியதாக இருக்கும், வாசகர் விளையாட வசதி என்பது ஒன்று. தொலைந்துபோன நிம்மதியான இங்கிலாந்தைப் பற்றிய ஏக்கம் என்பது இன்னொன்று. முதல் பதில் சரி, ஆனால் போதாது. ரயில் பெட்டியும் கப்பலும்கூட அடைபட்ட இடங்கள்தான். இரண்டாவது பதில் தவறு என்றே நினைக்கிறேன். மாளிகையை இந்தக் கதைகளுக்குத் தோதாக்கியது அதன் சுவர்களோ புல்வெளியோ அல்ல. ஒவ்வொரு பொருளையும் ஒவ்வொரு மணி நேரத்தையும் எண்ணிக் கணக்கு வைக்கக் கூலிக்கு ஆள் இருந்த இடம் அது. அந்த ஆட்கள் இருந்தவரை கதை ஒருவிதமாக ஓடியது. அவர்கள் வேலையை விட்டுப் போன பிறகு வேறுவிதமாக.

(கொலையாளிகளின் பெயரை இந்தக் கட்டுரையில் சொல்லப் போவதில்லை. கான்ஸ்டன்ஸ் கதை வரலாறு, அதனால் விதிவிலக்கு.)

ரோடு ஹில் வழக்கு நாவலாக அதிக நாள் ஆகவில்லை. வில்கி காலின்ஸின் ‘தி மூன்ஸ்டோன்’ 1868-இல் வந்தது. யார்க்ஷயர் கடலோர மாளிகையில் ஒரு பெண்ணின் பிறந்தநாள் இரவில் வைரம் காணாமல் போகிறது. அந்த வைரம் வந்த வழி நமக்குப் பக்கம்: கதைப்படி சோமநாத் கோயில் மூர்த்தியின் நெற்றியில் இருந்தது, திப்புவின் குத்துவாள் பிடியில் பதிக்கப்பட்டு, 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது ஒரு ஆங்கிலேய அதிகாரி கொலை செய்து கவர்ந்தது. அதை மீட்க மூன்று பிராமணர்கள் வித்தை காட்டுகிறவர்கள் வேஷத்தில் மாளிகையைச் சுற்றி வருகிறார்கள். ஆங்கில மாளிகையின் சொத்து எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை முதல் பக்கத்திலேயே எழுப்பிய நாவல் இது. பின்னால் வந்த பலர் அதை வசதியாக மறந்துவிட்டார்கள்.

காலின்ஸ் சலவைக் கணக்கை விடவில்லை. கதவில் புதிதாகப் பூசிய வண்ணம் ஓரிடத்தில் கலைந்திருக்கிறது. அப்படியானால் யாருடைய துணியிலோ அந்த வண்ணம் ஒட்டியிருக்க வேண்டும். துப்பறிய வந்த சார்ஜென்ட் கஃப் உடனே வீட்டின் சலவைப் புத்தகத்தைக் கேட்கிறார். கதையின் முதல் பகுதியைச் சொல்கிறவர் வீட்டு மேலாளரான கேப்ரியல் பெட்டரெட்ஜ் என்ற கிழவர். கதையின் உண்மையான துயரம் ரோசன்னா ஸ்பியர்மன் என்ற பணிப்பெண்ணுடையது. திருடி என்று ஒருமுறை சிறைக்குப் போய்வந்தவள், தோள் கோணியவள், எஜமான வர்க்கத்து ஆண் ஒருவனை மனதுக்குள் விரும்புகிறவள். அவள் பார்த்ததை அவன் கேட்டிருந்தால் புத்தகத்தின் பாதி தேவைப்பட்டிருக்காது. அவன் அவளை நிமிர்ந்து பார்ப்பதே இல்லை.

கோனன் டாயில் நகரத்து எழுத்தாளர் என்றாலும் கிராமத்து வீடுகளைப் பற்றி அவருக்கு மயக்கம் இருந்ததில்லை. 1892-இல் வந்த ‘காப்பர் பீச்சஸ்’ கதையில் ரயிலில் போகும்போது வாட்சன் வயல்வெளியிலுள்ள வீடுகளின் அழகில் சொக்கிப்போக, ஹோம்ஸுக்கு வேறொன்று தோன்றுகிறது: லண்டன் சந்தில் ஒரு குழந்தை அலறினால் பக்கத்து வீட்டுக்காரன் காதில் விழும், இந்தத் தனி வீடுகளில் ஆண்டுக்கணக்காகக் கொடுமை நடந்தாலும் யாருக்குத் தெரியும் என்கிறார். மாளிகைக் கதை ஏக்கத்தில் பிறந்தது என்று சொல்கிறவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அகதா கிறிஸ்டியின் முதல் நாவலான ‘தி மிஸ்டீரியஸ் அஃபேர் அட் ஸ்டைல்ஸ்’ 1916-இல் எழுதப்பட்டு 1920-இல் அமெரிக்காவில் முதலில் வெளியானது. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது அவர் டார்க்கி நகர மருத்துவமனையில் மருந்து கலக்கும் வேலையில் இருந்தார். ஸ்ட்ரிக்னின் நாவலுக்குள் வந்தது அந்த அலமாரியிலிருந்து. மருந்தாளர்களின் சஞ்சிகை ஒன்று விஷ விவரங்கள் சரியாக இருப்பதாகப் பாராட்டியதில் அவருக்கு வாழ்நாள் முழுக்கப் பெருமை. எனக்கு அந்த நாவலில் விஷத்தைவிடப் பிடித்தது ஒரு கணப்பு நெருப்பு. நடு ஜூலை, கொளுத்தும் வெயில். இறந்துபோன அம்மாள் அன்று மாலை தன் அறையில் நெருப்பு மூட்டச் சொல்லியிருக்கிறார். குடும்பத்தார் ஒருவர் வாயிலிருந்தும் இது வரவில்லை, ஏனென்றால் அவர்களுக்குத் தெரியாது. மூட்டியவள் பணிப்பெண் ஆனி. உத்தரவு என்றால் செய்ய வேண்டியதுதானே, ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்கிறவர் துப்பறிவாளர் பொய்ரோ. இந்த வெக்கையில் ஒருவருக்கு எதற்கு நெருப்பு? எதையோ எரிக்க. ஒரு பெரிய வீட்டில் எரித்தே தீர வேண்டிய காகிதம் எது? உயில்.

உயில் என்றதும் இன்னொரு ஆளைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. கவிஞர் டபிள்யூ.எச். ஆடன் 1948-இல் ஒரு பெயர்பெற்ற கட்டுரை எழுதினார். துப்பறியும் கதைக்குத் தேவை ஏதேன் தோட்டம் போன்ற களங்கமற்ற இடம். அங்கே பிணம் விழுந்தால்தான் அதிர்ச்சி. குற்றவாளியை வெளியேற்றினால் தோட்டம் மறுபடி சுத்தமாகிவிடும் என்பது அவர் வாதம். அழகான வாதம்தான். ஆனால் ஸ்டைல்ஸ் மாளிகையில் எந்த ஏதேன் இருந்தது? சொத்து மாற்றாந்தாய் கையில். வளர்ந்த பிள்ளைகள் அவர் முகம் பார்த்துச் செலவுக்கு வாங்குகிறார்கள். அவர் திடீரென்று தன்னைவிட இளையவன் ஒருவனைக் கல்யாணம் செய்துகொள்கிறார். கொலைக்கு முந்தைய நாள் வரை அந்த வீடு அமைதியாக இருந்தது என்றால், எல்லோரும் காத்துக்கொண்டிருந்தார்கள் என்றுதான் பொருள்.

இதற்குப் பின்னால் நிஜமான வரி ஒன்று இருந்தது. வில்லியம் ஹார்கோர்ட் 1894-இல் கொண்டுவந்த வாரிசு வரியில் உச்ச விகிதம் 8 சதவீதம். 1919-இல் அது 40 ஆனது, 1949-இல் 80. அப்பன் செத்து, அடுத்து போரில் வாரிசும் செத்தால், ஒரு தலைமுறைக்குள் இரண்டு முறை வரி கட்டி எழ முடியாமல் போன எஸ்டேட்டுகள் உண்டு. லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம் 1974-இல் நடத்திய கண்காட்சி, அதற்கு முந்தைய நூறு ஆண்டுகளில் இடிக்கப்பட்ட மாளிகைகளுக்கென்றே அமைக்கப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் பட்டியலில் இருந்தன. மாளிகைக் கொலைக் கதை செழித்த 1920களும் 30களும் மாளிகைகள் விற்பனைக்கு வந்த காலம். கதைகளில் திரும்பத் திரும்ப வரும் கடன்கார மருமகன், உயிலை மாற்றப்போவதாக இரவுச் சாப்பாட்டில் அறிவிக்கும் கிழவர், கூரை ஒழுகும் கிழக்குப் பகுதி எல்லாம் அன்றைய பத்திரிகையின் மூன்றாம் பக்கத்துச் செய்திகளே.

விதிகள் வந்தன. அமெரிக்க எழுத்தாளர் எஸ்.எஸ். வான் டைன் 1928-இல் இருபது விதிகள் போட்டார். மறு ஆண்டு ரொனால்ட் நாக்ஸ் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் பத்துக் கட்டளைகள் இட்டார். ரகசிய அறையோ சுரங்க வழியோ ஒன்றுக்கு மேல் கூடாது என்பது அவற்றில் ஒன்று. 1930-இல் லண்டனில் டிடெக்‌ஷன் கிளப் தொடங்கி, ஜி.கே. செஸ்டர்டன் முதல் தலைவரானார். இவற்றைப் பற்றி ஏராளமாக எழுதியாகிவிட்டது. வான் டைனின் ஒரு விதியை மட்டும் நிறுத்திப் பார்க்க வேண்டும்: வேலைக்காரரைக் கொலையாளியாக்கக் கூடாது. காரணம், அது மிகச் சுலபமான தீர்வு. குற்றவாளி பொருட்படுத்தத் தக்க ஆளாக இருக்க வேண்டும். வாசகருக்கு நியாயம் செய்யும் விதி என்ற பெயரில் நுழைந்திருப்பது, பட்லர் கொலை செய்யும் அளவுக்குக்கூட முக்கியமானவர் அல்ல என்ற எண்ணம். ‘பட்லர்தான் செய்தார்’ என்று உலகமே கேலி பேசுகிறது; ஆனால் இந்த வகையின் நல்ல நாவல்களில் பட்லர் செய்தது அபூர்வம். அவர் செய்யாதிருக்கத்தான் சட்டமே இருந்தது.

கெட்டிக்கார எழுத்தாளர்கள் இந்தக் குருட்டுத்தனத்தையே ஆயுதமாக்கினார்கள். தினம் வந்து போகும் தபால்காரரை யாரும் ஆளாக எண்ணுவதில்லை என்பதை வைத்து செஸ்டர்டன் ஒரு கதை செய்தார். கிறிஸ்டி அதே தந்திரத்தைப் பல அளவுகளில் வெட்டித் தைத்தார். 1939-இல் வந்த ‘அண்ட் தென் தேர் வேர் நன்’ நாவலில் தீவு வீட்டுக்கு வரவழைக்கப்படும் பத்துப் பேரில் இருவர் வேலைக்காரத் தம்பதி. வயதான எஜமானியைச் சாகவிட்டதாக அவர்கள் மீதும் குற்றச்சாட்டு உண்டு. கொலைப் பட்டியலில் மேல்தட்டோடு சரிசமமாக இடம் பெற்றாலும் வேலை மாறவில்லை: மாடியில் மனைவி இறந்து கிடக்க, கணவன் ராஜர்ஸ் கீழே விருந்தாளிகளுக்குக் காலை உணவு பரிமாறிக்கொண்டிருக்கிறான். (தமிழில் எஸ். பாலசந்தர் 1970-இல் எடுத்த ‘நடு இரவில்’ இந்த நாவலின் வழியில் வந்த படம்; இந்தியில் ‘கும்நாம்’ அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே வந்துவிட்டது.)

1953-இல் வந்த ‘எ பாக்கெட் ஃபுல் ஆஃப் ரை’ இன்னும் ஒரு படி மேலே. பணக்கார வீட்டில் மூன்று கொலைகள். துப்பறியும் கிழவி மிஸ் மார்ப்பிள் அங்கே வந்து சேர்வது பணக்காரர்களுக்காக அல்ல. இறந்தவர்களில் ஒருத்தி கிளாடிஸ். மிஸ் மார்ப்பிளே வேலை பழக்கி அனுப்பிய பணிப்பெண். துணி உலர்த்தும் கொடியருகே கழுத்து நெரிக்கப்பட்டுக் கிடந்தாள், மூக்கில் துணிக் கிளிப் மாட்டியபடி. கொன்றதைவிட அந்தக் கிளிப்தான் கிழவியைச் சினம்கொள்ள வைக்கிறது. நாவல் முழுவதையும் நகர்த்துவது அந்தக் கோபம். கிறிஸ்டி ஒரு கம்பளிப் பின்னல் எழுத்தாளர் என்று நினைப்பவர்கள் இந்த நாவலைப் படிக்கட்டும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வீட்டில் ஆள் இல்லை. கிறிஸ்டி இதை உடனே கவனித்துக் கதைக்குள் கொண்டுவந்தார். 1950-இல் ‘எ மர்டர் இஸ் அனவுன்ஸ்ட்’: கரி தட்டுப்பாடு, ரேஷன் புத்தகம், சமையலுக்கு ஐரோப்பாவிலிருந்து தப்பி வந்த அகதிப் பெண் ஒருத்தி. ஊரில் புதிதாக வந்து குடியேறியவர்கள் தங்களைப் பற்றிச் சொல்வதைத் தவிர அவர்களைப் பற்றி ஒருவருக்கும் எதுவும் தெரியாது என்கிறார் மிஸ் மார்ப்பிள். முன்பு ஒரு வீட்டின் மூன்று தலைமுறையை அறிந்த வேலைக்காரி இருந்தாள். இப்போது ஒருவர் யார் என்பதற்குச் சாட்சி ரேஷன் புத்தகம்தான். அது அடுத்தவருடையதாகவும் இருக்கலாம். மர்மத்தின் இருப்பிடமே இடம் மாறிவிட்டது: ‘அந்த நேரம் எங்கே இருந்தாய்’ என்ற கேள்வி போய் ‘நீ யார்’ என்பது வந்தது.

1952 நவம்பர் 25 அன்று லண்டன் அம்பாசடர்ஸ் அரங்கில் தொடங்கிய ‘தி மவுஸ்ட்ராப்’ நாடகத்திலும் இதே நிலைமைதான். மாளிகை இப்போது விருந்தினர் விடுதி. நடத்துவது அனுபவமில்லாத இளம் தம்பதி. கொதிகலனுக்குக் கரி போடுவதும் அவர்களே, சமைப்பதும் அவர்களே. பனி கொட்டி வழி அடைபடுகிறது. கொரோனா காலத்து இடைவெளியைத் தவிர நாடகம் நின்றதில்லை. முடிவை வெளியே சொல்லாதீர்கள் என்று பார்வையாளர்களைக் கேட்டுக்கொள்ளும் வழக்கமும் தொடர்கிறது. கிறிஸ்டி 1938-இல் 6,000 பவுண்டுக்கு வாங்கிய கிரீன்வே, டார்ட் நதிக்கரையில் இருக்கும் மாளிகை. 1956-இல் வந்த ‘டெட் மேன்ஸ் ஃபாலி’யில் அதையே கதைக்களமாக்கினார். பழைய குடும்பத்துக் கடைசிப் பெண்மணி காவல் வீட்டில் ஒண்டியிருக்கிறார். பெரிய வீட்டில் யாரோ புதுப்பணக்காரர். பக்கத்து மாளிகை இளைஞர் விடுதியாகி, அங்கு வரும் வெளிநாட்டுப் பிள்ளைகள் முதுகுப் பையோடு தோட்டத்துக்குள் குறுக்கு வழி போகிறார்கள். இதை ஏக்கம் என்பதைவிடக் கணக்கெடுப்பு என்பதே பொருத்தம்.

இந்த வகைக்கு விழுந்த பெரிய அடி ரேமண்ட் சாண்ட்லருடையது. 1944 டிசம்பரில் ‘அட்லாண்டிக் மன்த்லி’யில் எழுதிய கட்டுரையில், ‘வின்னி த பூ’ எழுதிய ஏ.ஏ. மில்னின் ஒரே மர்ம நாவலான ‘தி ரெட் ஹவுஸ் மிஸ்டரி’யை (1922) எடுத்துப் பிய்த்துப் போட்டார். செத்தவர் யார் என்பதற்கு மரண விசாரணையில் ஒருவரும் ஆதாரம் கேட்காதது எப்படி, போலீஸ் என்ன செய்துகொண்டிருந்தது என்று வரிசையாகக் கேட்டார். எல்லாம் செல்லுபடியாகும் கேள்விகள். ஆனால் சாண்ட்லர் சொல்வதுபோல் அது செத்த காகிதம் என்றால், அடுத்து நடந்ததை விளக்க முடியாது. போர்க்காலத்தில் ஒக்கயாமா கிராமப்புறத்துக்கு இடம்பெயர்ந்திருந்த ஜப்பானிய எழுத்தாளர் யோகோமிசோ செய்ஷி, 1946-இல் ‘ஹோன்ஜின் கொலைகள்’ நாவலைத் தொடராக எழுதினார். அதில் அறிமுகமான துப்பறிவாளர் கின்டாய்ச்சியின் அச்சு, சாண்ட்லர் பந்தாடிய அதே ரெட் ஹவுஸின் ஆண்டனி கில்லிங்ஹாம்.

யோகோமிசோவின் சிக்கல் சுவையானது. மரமும் காகிதத் திரையுமான ஜப்பானிய வீட்டில் பூட்டிய அறைக் கொலையை எப்படி வைப்பது? பழைய வம்சம் ஒன்றின் தனிக்கட்டு, கல்யாண இரவு, வெளியே மிதிபடாத பனி, கோட்டோ வாத்தியத்தின் ஓசை, முற்றத்தில் நட்டுவைத்த வாள் என்று அவர் அமைத்தார். போருக்குப் பின் நிலச் சீர்திருத்தத்தில் கரைந்துகொண்டிருந்த நிலப்பிரபுக் குடும்பங்களின் குலப்பெருமைதான் கதையின் நோய். இங்கிலாந்தில் வாரிசு வரி செய்ததை அங்கே குலப்பெருமை செய்கிறது. ஜப்பானில் இந்த மரபு 1987-இல் அயாட்சுஜி யுகிதோவின் ‘டெக்ககன் ஹவுஸ்’ மூலம் மறுபிறவி எடுத்தது. அதில் வேலைக்காரர் எவரும் இல்லை. மர்மக்கதை வெறிபிடித்த கல்லூரி மாணவர்கள்தான். புத்திசாலித்தனமான நாவல். ஆனால் அந்த வீட்டில் யாரும் வாழ்ந்ததாகத் தோன்றவில்லை. பர்மிங்ஹாம்காரர் ஆண்டனி பிராட் விமானத் தாக்குதல் இரவுகளில் யோசித்து உருவாக்கி 1949-இல் கடைக்கு வந்த க்ளூடோ விளையாட்டும் அப்படித்தான்: ஆறு ஆட்கள், ஆறு ஆயுதங்கள், ஒன்பது அறைகள், 324 தீர்வுகள்.

வேலைக்காரர்களைத் திரும்ப நடுவுக்குக் கொண்டுவந்தது சினிமா. ராபர்ட் ஆல்ட்மனின் ‘கோஸ்ஃபோர்ட் பார்க்’ (2001) நடப்பது 1932 நவம்பரில். மேல்மாடிக் காட்சி எதுவானாலும் அறையில் ஒரு வேலையாள் இருந்தால்தான் கேமரா உள்ளே போகும் என்று வைத்துக்கொண்டு எடுத்த படம் அது. கொலை நடந்ததும் வரும் இன்ஸ்பெக்டர், இறந்தவரோடு உண்மையான தொடர்பு உள்ளவர்களை விசாரித்தால் போதும் என்று வேலைக்காரர்களை அனுப்பிவிடுகிறார். விச்சர் வந்ததற்கு நேர் எதிரான வழி. கொலையின் முழுக் காரணமும் சமையலறையில் இருக்கிறது. அவர் கடைசி வரை அதைத் தெரிந்துகொள்வதே இல்லை.

ரயன் ஜான்சனின் ‘நைவ்ஸ் அவுட்’ (2019) இதை இன்றைய அமெரிக்காவுக்கு மாற்றுகிறது. கிழ எழுத்தாளர் இறந்துபோகிறார். அவரைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் மார்த்தா. குடும்பத்தார் அவளைத் தங்கள் வீட்டுப் பெண் போல என்று வாய்க்கு வாய் சொல்கிறார்கள்; அவள் எந்த நாட்டுக் குடும்பத்திலிருந்து வந்தவள் என்றால் ஒருவர் ஈக்வடார் என்கிறார், இன்னொருவர் பராகுவே, வேறொருவர் பிரேசில். பெனுவா பிளாங்க் என்ற துப்பறிவாளர் குடும்பத்தின் வாக்குமூலங்களைக் கேட்டுவிட்டு நேராக அவளிடம் போகிறார். பொய் சொன்னால் அவளுக்கு வாந்தி வந்துவிடும் என்பது ஒரு காரணம். மருந்துப் புட்டிகளை யார் எப்போது எங்கே வைத்தார்கள் என்று அந்த வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது என்பது இன்னொன்று.